எடைப் பங்கு

எனக்கு வயிற்றெரிச்சல் என்று ஊரே சொல்கிறது. சொல்லட்டும். ஊருக்குத் தெரிந்தது கால்வாசி. மீதி முக்கால்வாசியும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், தங்கபுஷ்பம். இன்னொருத்தி நாற்பது கோடிக் கிலோமீட்டர் தள்ளி, செரஸ் என்கிற குட்டிக் கோளில் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் சந்தனமாரி. என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. நீங்கள் எங்கள் தெருவும் இல்லை, சொந்தமும் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். கேட்டுவிட்டு உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். உப்பு வாருகிறவர்களைச் செரஸுக்கு எதற்குக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று கேட்பீர்கள். அங்கே தரைக்கு அடியில் உப்புத்தண்ணீர் கிடக்கிறது. அதை மேலே ஏற்றி, உப்பைப் பிரித்து, தண்ணீரை உடைத்து எரிபொருளாக்கி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் போகிற கப்பல்களுக்குக் கம்பெனி விற்கிறது. சூரியக் குடும்பத்துக்கே அது ஒரு பெட்ரோல் பங்க். எல்லாம் மெஷின்தான். ஆனால் படித்த பிள்ளைகள் கணக்குப் போட்டு ஏற்றிய தண்ணீர் குழாய்க்குள்ளேயே உப்பாகக் கட்டிதட்டி, மூன்று பம்புகள் போய்விட்டன. அதற்குப் பிறகுதான், உப்போடு பிறந்து வளர்ந்தவர்களைக் கூட்டி வாருங்கள் என்று யாருக்கோ புத்தி வந்தது.

எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேர் போனோம். நான், என் வீட்டுக்காரர் லிங்கதுரை, அவர் தம்பி செல்வதுரை, செல்வதுரையின் பெண்டாட்டி மாரி. ஒன்பது வயது மகள் நிறைமதியை என் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். ஐந்து வருஷ ஒப்பந்தம். விண்ணப்பத்தில் குடும்ப விவரம் என்று ஒரு கட்டம் இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். இவர் என்ன செய்தார் தெரியுமா?

"ஊருலயே நமக்கு ஒரே ரேஷன் கார்டுதான? பிரிச்சு எழுதுனா அம்மா வருத்தப்படும்" என்று நான்கு பேரையும் ஒரே குடும்பமாக எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே குடும்பம் என்றால் சண்டை வராது என்று நினைத்தார்களாம். கூட்டுக்குடும்பத்தைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்கள்.

ஊரில் ஐம்பத்தாறு கிலோ இருந்தவள் செரஸில் ஒன்றரைக் கிலோ. முதல் மாதம் சொர்க்கம்தான். ஒரு எட்டு வைத்தால் கூரையைத் தொடலாம். அப்புறம்தான் டாக்டர் நஸ்ரின் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"உடம்பு ரொம்பச் சிக்கனம். தேவையில்லாததை வச்சுக்காது. எடையே இல்லாத ஊர்ல எலும்பு எதுக்குன்னு கரைச்சு வெளியே தள்ளிடும். இங்கேயே இருந்தா ஒண்ணும் தெரியாது. பூமில போய் எறங்குனா நிக்கிறப்பவே தொடை உடையும்."

"அப்ப நாங்க எப்படி டாக்டர் ஊருக்குப் போறது?" என்றேன்.

"அதுக்குத்தான் ராட்டினம்."

ராட்டினம் என்பது ஒரு பெரிய வளையம். எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே போனால் பூமியில் இருக்கிற அதே எடை திரும்பி வரும். பன்னிரண்டு படுக்கை. நாங்கள் எழுபத்திரண்டு பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் எடை. அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. நான்கு மணி நேரம் ஒழுங்காகப் போனால் எலும்பு தாக்குப்பிடிக்கும். மாதாமாதம் டாக்டர் எலும்பைப் படமெடுத்து ஒரு நம்பர் சொல்வார். எழுபதுக்கு மேல் இருந்தால் ஊருக்குப் போகிற கப்பலில் ஏற்றுவார்கள். எழுபதுக்குக் கீழே போய்விட்டால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் செரஸ். இறங்கின நம்பர் ஏறவே ஏறாது. கப்பலோ பதினைந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வரும்.

மணிக்கணக்கு கம்பெனி கொடுத்த குடும்பக் கார்டுபடிதான் வரும். நாங்கள் ஒரே கார்டு என்பதால் நான்கு பேருக்கும் சேர்த்துப் பதினாறு மணி நேரம். வீட்டுத் தலைவர் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நாலு வருஷம் ஆளுக்கு நாலு என்று ஒழுங்காகத்தான் போயிற்று.

இனி மாரி விஷயத்துக்கு வருகிறேன். பதினாறு வயதிலிருந்து பாத்தியில் நின்றவள் நான். அவள் எனக்குப் பின்னால் வந்தவள். ஊரில் என் பாத்தி உப்பைத்தான் வியாபாரி முதலில் கேட்பான். செரஸில் எல்லாம் தலைகீழாயிற்று. அவள் குழாயில் கை வைத்துக் கண்ணை மூடுவாள். "இன்னும் அர மணிக்கூர்ல கட்டிரும், நிறுத்துங்க" என்பாள். மெஷின் ஒன்றும் இல்லை என்று காட்டும். நிறுத்திப் பிரித்துப் பார்த்தால் உள்ளே உப்பு பூத்திருக்கும். நானும் அதே குழாயில்தான் கை வைத்தேன். எனக்குக் குளிர்ந்தது, அவ்வளவுதான். என்ஜினியர்கள் எல்லாம் அவளை "மாரி மேடம்" என்றார்கள். என்னை? "மாரி மேடத்தோட அக்கா." எட்டாம் வகுப்பு தாண்டாதவள் மேடமாம்! நான் பத்தாவது பாஸ்.

அந்த நிலைமையில்தான் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு விதியும் கிடையாது. யாரும் இந்த வேலை பார்ப்பார்கள் என்று எழுதினவர்கள் நினைக்கவில்லை போலும். கம்பெனிக்குக் கொண்டாட்டம். செரஸில் பிறக்கப்போகிற முதல் குழந்தை! அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு நிற்கிற படம் பூமியில் தெருத்தெருவாக ஓடியது. என் மகள் நிறைமதி அனுப்பிய செய்தியில், "அம்மா, சித்தி எவ்வளவு அழகா இருக்காங்க! என் கிளாஸ்ல எல்லாரும் சித்தியப் பத்தித்தான் பேசுறாங்க" என்றாள். இரண்டு நிமிஷச் செய்தி. ஒன்றரை நிமிஷம் சித்தி. அடுத்த வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்ததென்று அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் இடித்துக்கொண்டவளைக் கதையில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அவளை எனக்கு நன்றாகப் புரிந்தது. கையில் குழவி இல்லை என்பதுதான் வித்தியாசம்.

ஐந்தாம் மாதம் டாக்டர் எங்கள் நான்கு பேரையும் கூப்பிட்டார்.

"வயித்துப் பிள்ளைக்கு மேல எது, கீழ எதுன்னு தெரியணும். அது எடையில இருந்துதான் தெரியும். எடை இல்லேன்னா எலும்பு இறுகாது, காதுக்குள்ள சமநிலையும் வராது. இங்கேயே பொறந்து இங்கேயே வளர்ந்தா ஒரு குறையும் இல்லை. ஆனா அந்தப் பிள்ளையால என்னைக்குமே பூமில நிக்க முடியாது. மாரிக்கு இனி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேணும்."

"வேற யாருகிட்டயாவது வாங்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டான் செல்வதுரை.

"ஒரு கார்டு மணி இன்னொரு கார்டுக்கு மாறாது. உங்க கார்டுல பதினாறு இருக்கு. நீங்களே பாத்துக்குங்க."

அறைக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பாகம் பிரித்தார். மாரிக்கு எட்டு. மிச்சம் எட்டு. அண்ணன் தம்பி இருவரும் வெளியே போய்க் குழாய் மாற்றுகிறவர்கள், அதனால் ஆளுக்கு மூன்று. எனக்கு இரண்டு.

"ரெண்டா? என் நம்பரு இப்பமே எழுபத்தி நாலுங்க. கப்பல் வர இன்னும் ஏழு மாசம் கெடக்கு. ரெண்டு மணி நேரத்துல நான் தாங்குவேனா?"

"தாங்கும் புஷ்பம். தாங்கலன்னா அடுத்த கப்பலப் பாப்போம்."

"எறங்குன நம்பரு ஏறாதுன்னு டாக்டர் சொன்னது காதுல விழலையா? நிறைமதி பதினாலு வயசுப் பிள்ளையா அங்க தனியா நிக்கா. பெரிய மனுஷியான அன்னைக்குக்கூட நான் பக்கத்துல இல்ல."

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுத? பிள்ளைத்தாச்சி வயித்துலயா கை வைக்கச் சொல்லுத? நீ பெரியவ. விட்டுக்குடுத்தவங்க கெட்டுப்போனதில்ல."

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. "விட்டுக்குடுத்தவங்க கெட்டுப்போகலன்னு சொன்னவன் எவன்னு காட்டுங்க. அவன் யார் விட்டுக்குடுத்தத வாங்கித் தின்னவன்னு நான் காட்டுதேன்" என்றேன். மாரி தலையைக் குனிந்துகொண்டு வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவளுடைய ஆட்டம். தினமும் ராட்டினத்திலிருந்து இறங்கி நேரே என் முன்னால் வந்து உட்காருவாள். அதுவரை அப்படி வந்து உட்கார்ந்தவள் இல்லை. காலை நீட்டுவாள்.

"பாருங்கக்கா, கால் வீங்கிருக்கு. எடை இருந்தாத்தான கால் வீங்கும்? பாக்கவே சந்தோசமா இருக்கு."

அடுத்த நாள், "எம்பத்தொண்ணுக்கா! டாக்டரே ஆச்சரியப்பட்டுட்டாவ. உங்களுக்கு எம்புட்டுக்கா?"

"எழுபத்தி மூணு."

"அய்யோ" என்றாள். அந்த அய்யோவில் ஒரு சொட்டு வருத்தம் கிடையாது.

இன்னொரு நாள் அவளே சொன்னாள். "கார்டு ஒண்ணா இருக்கப்போய்த்தான் தப்பிச்சேன்க்கா. பிரிஞ்சிருந்தா என் கதி என்ன? மேனேஜர்கிட்ட யாராவது ஒரு ஆளு கையெழுத்துப் போட்டாப் போதுமாம், பிரிச்சிருவாவளாம். நல்லவேள, நம்ம வீட்டுல அப்படி யாரும் இல்ல."

பத்தாம் நாள் அவள் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. "நிறைமதியப் பத்திக் கவலப்படாதியக்கா. உங்களால வர முடியலன்னாலும் நான் போயிருவம்லா? நானே அவளுக்குச் சட பின்னி, பூ வச்சு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி விடுதேன். என் மகனும் அவளும் ஒண்ணா வளருவாவ."

என் மகளுக்கு இவள் சடை பின்னுவாளாம். எழுந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

"கார்டப் பிரிக்கணும் சார்."

"எதுக்கும்மா?"

"தனிக்குடித்தனம் போறோம்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எழுபத்திரண்டு பேரும் நான்கு தகர உருளைக்குள் ஒருவர் மூச்சை ஒருவர் விட்டுக்கொண்டு கிடக்கிற ஊர் அது. "இங்க எங்கம்மா தனியா போவீங்க?"

"அடுப்பு தனி சார்." அங்கே அடுப்பும் கிடையாது, தீக்குச்சி கொளுத்தினால் சிறை.

"ஒரு தடவ பிரிச்சா திரும்பச் சேர்க்க முடியாது. அந்தப் பொண்ணு மாசமா இருக்கு. யோசிச்சீங்களா?"

"யோசிச்சுட்டேன்."

யோசித்தேன்தான். பிரித்தால் அவர்களுக்கு எட்டு, எங்களுக்கு எட்டு. செல்வதுரை தன் பங்கு நாலையும் பெண்டாட்டிக்குக் கொடுப்பான், அவளுக்கு எட்டு ஆகிவிடும், பிள்ளைக்கு ஒன்றும் வராது, போனால் அவன் எலும்புதான் போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மகளுக்காகத்தான் செய்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மறு பாதி, அந்த எண்பத்தொன்று இறங்க வேண்டும். இறங்குவதை நான் பார்க்க வேண்டும்.

ஆனால் அவள் தன் புருஷன் பங்கை வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். "அவுக வெளிய போய் வேல பாக்குதவுக. அவுக எலும்ப உருக்கி என் பிள்ளைக்குக் குடுக்க மாட்டேன்" என்றாளாம். செல்வதுரை காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அவள் அசையவில்லை. நான்கு மணி நேரத்தோடே நின்றாள். எழுபது பேரும் அவளைத் தெய்வமாக்கிவிட்டார்கள். தியாகி! நான் யார் என்று கேட்க வேண்டுமா? கொலைகாரி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டு வரிசையில் நான் நின்றால் எனக்குப் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் சாப்பிடு, எழுந்திரு என்கிற அளவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். கண்ணாடி வளையலுக்கு எங்கே போவது? பட்டறையில் செம்புக் கம்பியை வளைத்து வளையல் செய்திருந்தார்கள். யார் முதலில் போடுவது என்ற கேள்வி வந்தது. ஓரகத்தியில் மூத்தவள் நான். முறைப்படி நான்தான் போட வேண்டும். டாக்டர் நஸ்ரினை முன்னே தள்ளினார்கள். மாரி கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்க அக்கா போடட்டும் மொதல்ல."

எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். இப்படி ஒரு மனசா! எனக்கு அந்த வளையலை அவள் வாயில் திணிக்க வேண்டும் போலிருந்தது. போட்டேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை, ஆகாசமுத்து என்று பெயர் வைத்தார்கள். கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, இவனுக்குப் பூமி கிடையாது என்று சொல்லிவிட்டார். வயிற்றுப் பிள்ளை உறிஞ்சினதில் மாரியின் நம்பரும் அறுபத்தி நாலுக்கு வந்துவிட்டது. நான் பார்க்க ஆசைப்பட்ட இறக்கத்தைப் பார்த்தேன். அவள் பக்கத்தில் அந்தப் பிள்ளை படுத்திருந்தது, பார்க்க முடியவில்லை.

கப்பல் வந்தது. எனக்கு எழுபத்தொன்று, இவருக்கு எழுபத்திரண்டு. செல்வதுரைக்கு எழுபத்தி மூன்று இருந்தும் அவன் ஏறவில்லை. ஊர் மண், ஊர்க் கோயில் கொடை, ஊர்க் கடல் என்று ஐந்து வருஷமாகப் புலம்பினவன். பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டு எப்படி ஏறுவான்? கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று அழுதான். இவரும் ஏறமாட்டேன் என்று நின்றார். மாரிதான், "போங்க அத்தான், அங்க நிறைமதி ஒத்தையில கெடக்கா" என்று அனுப்பி வைத்தாள். அதற்கும் அவளுக்குத்தான் பெயர்.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. நான் போராடி வாங்கிய எடை என்ன செய்தது தெரியுமா? போன வருஷம் குளியலறையில் கால் வழுக்கி இடுப்பெலும்பு போயிற்று. கட்டிலில் கிடக்கிறேன். எதிரே டிவியில் ஆகாசமுத்து சுவரிலிருந்து சுவருக்குப் பறக்கிறான். மாரி அங்கே தண்ணீர்ப் பிரிவுக்கே தலைவி. இப்போது நானூறு பேர் இருக்கிறார்களாம், இருபது பிள்ளைகளுக்கு மேல் பிறந்துவிட்டனவாம், எல்லாப் பிரசவத்துக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். இவருக்கு அவளோடு பேசினால்தான் சோறு இறங்கும். மாமியார் சாகும்போது கேட்டதும் அவளைத்தான். யாருக்காக அத்தனை பாவத்தையும் சுமந்து வந்தேனோ, அந்த மகள் படித்து முடித்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்குச் செரஸ்ல வேலை கெடச்சிருக்கு. சித்திதான் சிபாரிசு பண்ணாங்க. அடுத்த கப்பல்."

"அஞ்சு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்துருவியாட்டி?"

"தெரியலம்மா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. என் மகள் போய் மாரி கையில் சேரப்போகிறாள். அவள் பிள்ளைக்கு நான் பூமியை இல்லாமல் செய்தவள். என் பிள்ளைக்கு அவள் என்ன செய்வாள்? ராட்டினத்து மணிக்கணக்குக்கு இப்போது கையெழுத்துப் போடுவதே அவள்தான். நான் என்றால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

மாரியிடம் பேசப்போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டு, வெட்கத்தை விட்டுக் காமிராவை முன்னால் வைத்துக்கொண்டு பேசினேன். "மாரி, நான் செஞ்சது பெரிய பாவம். உன் எலும்பையும் உன் பிள்ளை எலும்பையும் நாந்தான் தின்னேன். நிறைமதிக்காகன்னு வெளிய சொன்னேன், உள்ளுக்குள்ள உன் மேல உள்ள பொறாமைதான். என்னைய என்ன வேணும்னாலும் சொல்லு, செய்யி. அந்தப் பிள்ளைய ஒண்ணும் செஞ்சிராத." அழுதேன். பொய்யழுகை இல்லை.

செய்தி போய்ச் சேர இருபத்திரண்டு நிமிஷம், திரும்பி வர இருபத்திரண்டு நிமிஷம். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. ரொம்ப யோசிக்கவில்லை போலிருக்கிறது. நான் தனியாகத்தான் இருந்தேன். போட்டேன்.

"அக்கா, இடுப்பு எப்படி இருக்கு? நிறைமதியப் பத்தி ஒரு கவலையும் படாதிய, அவ என் மக. நீங்க அழுததப் பாத்து எனக்குச் சிரிப்பும் வந்துட்டு, அழுகையும் வந்துட்டு. ஆறு வருசமா இத மனசுல வச்சா கெடந்திய? அக்கா, கார்ட நீங்க பிரிக்கல. நாந்தான் பிரிச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

"எனக்கு ஊருக்கு வர இஷ்டமே இல்லக்கா. எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஊருன்னா உசுரு. கப்பல் வந்தா என்னையத் தூக்கிப்போட்டுக் கொண்டுட்டுப் போயிருவாவ. அங்க வந்தா நான் யாரு? மறுபடியும் வெயில்ல நின்னு உப்பு வாரணும். எங்க அம்ம உப்பு அரிச்ச கால் புண்ணு ஆறாமலே செத்துச்சு. என் பிள்ள அந்தப் பாத்தில எறங்கக் கூடாதுன்னு நெனச்சேன். எறங்கவே முடியாம ஆயிட்டா யாரு என்ன செய்ய முடியும்? ஆனா நானா ராட்டினத்துக்குப் போகாம இருந்தா, பெத்த பிள்ளையக் கெடுத்தவன்னு என் தோல உரிச்சிருப்பாவ. வேற யாராவது மறிக்கணும். யாரு மறிப்பா? அத்தானா, டாக்டரா? எல்லாரும் நல்லவுக. உங்களத்தான்க்கா நம்புனேன்.

"தெனமும் உங்க முன்னால வந்து உக்காந்து நம்பரச் சொன்னது அதுக்குத்தான். ஒரு கையெழுத்துல பிரிச்சிரலாம்னு காதுல போட்டது அதுக்குத்தான். எங்க வீட்டுக்காரவுக பங்க வாங்கியிருந்தா எட்டு மணிக்கூர் ஆயிரும்லா? அதான் வாங்கல. நாலு நாள்ல மேனேஜர்கிட்டப் போவியன்னு நெனச்சேன். பத்து நாள் ஆக்கிட்டிய. பயந்தே போயிட்டேன், எங்க அக்கா நல்லவளா மாறிட்டாவளோன்னு." சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பழி பூராவும் உங்க மேல விழும்னு அப்பம் யோசிக்கலக்கா. அது என் தப்பு. இத அத்தான்கிட்டப் போட்டுக் காட்டுங்க. எல்லார்கிட்டயும் காட்டுங்க. உங்க பேரு வெளுக்கட்டும்."

நான் கட்டிலில் கிடந்தபடியே அந்த முகத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்குப் பூமியே வேண்டாம் என்று தீர்மானிக்க இவள் யார்? சரி, நான் மட்டும் யார்? அவளாவது பெற்றவள். அப்புறம் இன்னொரு எண்ணம் வந்தது. கட்டிலில் கிடக்கிறவள் மனசு ஆறட்டும் என்று இவள் பொய் சொல்கிறாளோ? அப்படியென்றால் அது இன்னும் மோசம். அவ்வளவு நல்லவளாக எவளும் இருக்கக் கூடாது.

இதைக் காட்டினால் என் பேர் வெளுத்துவிடும். இவர் என்னோடு பழையபடி பேசுவார். நிறைமதி கப்பலேறும் முன்னே என் மடியில் வந்து படுப்பாள். ஆறு வருஷமாக நான் ஏங்கினது அதற்குத்தான். ஆனால் என்ன சொல்லுவார்கள்? பாவம் புஷ்பம், அவளுக்கு ஒன்றும் தெரியாது, மாரி நூல் பிடித்து ஆட்டியிருக்கிறாள், இவள் ஆடியிருக்கிறாள் என்பார்கள். மாரியின் மூளைதான் மூளை என்பார்கள். என் ஆயுசில் நானாகத் துணிந்து செய்த காரியம் ஒன்றே ஒன்று. பாவமோ புண்ணியமோ, அது என்னுடையது என்றுதான் இத்தனை வருஷம் சுமந்தேன். அதையும் அவள் எடுத்துக்கொண்டு போகிறாள்.

அழித்துவிட்டேன். உண்மையாகவே அழிக்கவா என்று அது இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்றேன்.

இவர் கஞ்சியோடு உள்ளே வந்தார். "மாரிகிட்ட இருந்து பதில் வந்துட்டு போலிருக்கே. என்ன சொன்னா?"

"என்னைய மன்னிச்சுட்டாளாம்" என்றேன்.

அவர் கஞ்சியைக் கீழே வைத்தார். கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறு வருஷமாக அந்தப் பக்கம் உட்காராத மனுஷன்.

"அவ மனசு யாருக்கு வரும் புஷ்பம்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். என் முன்னால் அவர் சிரித்து ஆறு வருஷம் ஆகிறது. அதுவும் அவளுக்காகத்தான்.